குறைப்பார்வை உள்ளவருக்கு வழிகாட்டும் கருவி: அரசு உதவியில் எதைக் கேட்பது?

கண்ணாடி அணிந்த பிறகும் இரண்டில் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் (பிறர் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காணும் நிலை) கீழே 3/60 வரை இருந்தாலோ, பார்வைப் புலம் (ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு) 40 பாகைக்கும் கீழே 10 பாகை வரை சுருங்கியிருந்தாலோ அதனைக் குறைப்பார்வை என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வரையறுக்கிறது. ஆனால், உதவி உபகரணம் பெற இந்த வரையறை மட்டும் போதாது. ஊனச் சான்றிதழில் ஊனத்தின் அளவு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். இரு கண்களிலும் பார்வை 6/24 முதல் 6/60 வரை உள்ளவருக்கு 40 விழுக்காடு கிடைக்கும். ஒரு கண் நன்றாக இருந்து மறு கண் முற்றிலும் போனவருக்கு 30 விழுக்காடுதான் என்பதால், அவர் சான்றிதழ் பெற்றாலும் இந்த உதவிக்குள் வர மாட்டார்.

1981 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம்கள் வழியே உதவி உபகரணம் வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில், மாத வருமானம் 22,500 ரூபாய்க்கு மிகாதவருக்குக் கருவி இலவசம். 30,000 ரூபாய் வரை உள்ளவருக்குப் பாதி விலை. அதே தேவைக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வேறெங்கும் உதவி பெற்றிருக்கக் கூடாது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது ஓராண்டு. முகாமில் கொடுத்ததை வாங்கிவந்து, பயன்படவில்லை என்று பரணில் போட்டவர் அடுத்த கருவிக்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேரும். யாருக்கு எந்தக் கருவி என்று முடிவு செய்யும் அளவீட்டு முகாமில் பெயருக்கு நேரே எது பதிவாகிறதோ அதுவே பின்னர் விநியோக முகாமில் கைக்கு வரும் என்பதால், கேட்க வேண்டியதை முதல் முகாமிலேயே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

எதைக் கேட்பது என்பது எவ்வளவு பார்வை மிச்சமிருக்கிறது என்பதை விட, நடுப்பார்வை, பக்கவாட்டுப் பார்வை ஆகியவற்றில் எது மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கண் நீர் அழுத்த நோயாலோ பரம்பரை விழித்திரை நோயாலோ பக்கவாட்டுப் பார்வை போனவர், தருமபுரி பேருந்து நிலையத்தில் பேருந்தின் ஊர்ப் பலகையை வாசித்துவிடுவார். ஆனால் பக்கத்தில் நிறுத்திய தள்ளுவண்டியில் இடித்துக்கொள்வார். இவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் அது சுருங்கிய புலத்துக்குள் அடங்காமல் வாசிப்பு இன்னும் கடினமாகும். டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட் கேன் இவருக்கு ஏற்றது. வெள்ளைக் கோலின் கைப்பிடியில் பொருத்தப்படும் இக்கருவி, முழங்கால் முதல் தலை வரையுள்ள தடைகளை மூன்று மீட்டர் தூரம் வரை மீயொலியால் அறிந்து அதிர்வாக உணர்த்தும். தரையிலுள்ள பள்ளத்தையும் திறந்த சாக்கடையையும் அது சொல்லாது. அதற்குக் கோலின் நுனிதான் வேண்டும். கோலை வீட்டில் வைத்துவிட்டுக் கருவியை மட்டும் நம்பிப் புறப்படுவது ஆபத்து.

நடுப்பார்வை போனவர் நிலை இதற்கு நேர்மாறு. தடுமாறாமல் நடப்பார், பலகை தெரியாது. திரைவாசிப்பு வசதியுள்ள திறன்பேசியே இவருக்குப் பயன்படும். இதனை மத்தியத் திட்டத்தில் மட்டுமன்றி மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலும் 18 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பித்துப் பெறலாம். கேமராவில் பலகையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக் செயலியைத் தமிழ்க் குரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கண் கூசுபவர்கள், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நண்பகல் வெயிலில் தெரிகிறதா என்பதை முகாமுக்கு வெளியே வந்து சோதிக்க வேண்டும். கூடத்தின் நிழலில் எல்லாத் திரையும் நன்றாகத்தான் இருக்கும்.

திறன்பேசியில் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு வந்துவிட்டோம் என்று அது சொல்லும். சாலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை நம்பும்படி சொல்லாது. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, வீடு, நியாயவிலைக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் தாங்களே குறித்துவைப்பது நல்லது. குரல் கேட்க இரு காதையும் அடைக்கும் இயர்போன் கூடாது; வண்டிச் சத்தமும் காதில் விழ வேண்டும்.

ஊன அடையாள அட்டை, ஆதார், வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்று, புகைப்படம் ஆகியவற்றுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகலாம். விழுக்காடு குறைத்துப் போடப்பட்டதாகக் கருதுபவர், சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். கருவியைப் பெறும்போது உத்தரவாத அட்டையையும் சார்ஜரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பழுதானால் எங்கே கொடுப்பது என்பதை அங்கேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.