மெஷின் பொய் சொல்லலை சார்

போன ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ஆனாலும் ஷட்டரைத் தட்டித் தட்டித் திறக்க வைத்துவிட்டார் ஒருத்தர். கையில், குடித்திருக்கிறோமா என்று மூச்சை ஊதிப் பார்க்கும் மெஷின். போன மாதம்தான் என்னிடம் காலிபரேஷன், அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வேலை, செய்துகொண்டு போனது. மேஜைமேல் டொப்பென்று வைத்தார்.

"இன்னா சார் வேலை செஞ்சு குடுத்தீங்க? இத்த நம்பி வண்டி எடுத்தேன். கிரீன் சர்க்கிள்ல நிறுத்தி ஊதச் சொன்னாங்க. கேஸ் எழுதிட்டாங்க. பின்னாடி பொண்டாட்டி உக்காந்துகினு இருக்குது!"

மெதுவாக விசாரித்தேன். ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். வயிறு முட்ட பிரியாணி, கூடவே ஒரு குவார்ட்டர். குடித்து முடித்து, வாயைக் கொப்பளித்து, மெஷினோடு வந்த காகிதத்தில் போட்டபடி கால் மணி நேரம் பொறுத்து ஊதியிருக்கிறார். 0.02 வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கிளம்பிவிட்டார். வேலூர் வந்து சேர்ந்தபோது போலீஸ் மெஷினில் 60-க்கு மேல், அதாவது இவர் மெஷின் கணக்கில் 0.06-க்கு மேல்.

அவர் கண் முன்னாலேயே ஆல்கஹால் அளவு இவ்வளவு என்று தெரிந்த ஸ்டாண்டர்டு கேஸ் சிலிண்டரைத் திறந்து மெஷினுக்குக் கொடுத்தேன். 0.05 அளவுள்ள கேஸ். 0.05 என்றே காட்டியது. மெஷின் பொய் சொல்லவில்லை. அவர் ஊதிய நேரத்தில் அவர் ரத்தத்தில் அவ்வளவுதான் இருந்தது. மிச்சமெல்லாம் பிரியாணியோடு வயிற்றில் இருந்தது.

இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது, வாய் வலிக்கிறது. சரக்கு தொண்டையில் இறங்கியதும் ரத்தத்துக்குப் போய்விடாது. வெறும் வயிறு என்றால் அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகலாம். நன்றாகச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். "சாப்ட்டுட்டுத்தான் சார் குடிச்சேன், ஏறாது" என்கிறார்கள். பிரியாணி அதை வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குத் திருப்பி அனுப்பாது. உச்சம் கொஞ்சம் குறையலாம், ஆனால் தள்ளிப் போய் வரும். நீங்கள் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு மாதனூர் தாண்டும்போது அது உள்ளே வந்துகொண்டிருக்கும்.

ஒரு தடவை ஊதினால் கிடைப்பது அந்த நிமிடத்துக் கணக்கு. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது சொல்லாது. அரை மணி நேரம் விட்டு இன்னொரு தடவை ஊதிப் பாருங்கள், கதை தெரியும். "எடுக்காதே" என்று மெஷின் சொன்னால் நம்புங்கள். "எடு" என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது. நான் அதைத்தான் சர்வீஸ் செய்கிறேன், நானே சொல்கிறேன்.

அந்தப் பச்சை விளக்கே பல மெஷின்களில் நம் ஊருக்கானது இல்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மெஷின் கணக்கில் 0.03. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 0.08. ஆன்லைனில் வாங்கும் மெஷினில் 0.05 அல்லது 0.08-ல் அலறுகிற மாதிரி வைத்து அனுப்பியிருப்பான். 0.045-க்கும் சிரித்த முகம் காட்டும். இங்கே அதற்கு முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் ஜெயில், இரண்டும்கூட விழலாம். வாங்கின அன்றே செட்டிங்கைப் பாருங்கள். சில மெஷின் ரத்தக் கணக்குக்குப் பதிலாக ஒரு லிட்டர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அதில் 0.14 வந்தாலே வரம்பைத் தொட்டாச்சு.

சரி, எப்போது இறங்கும்? 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம். சிலருக்கு 10-தான். 65 கிலோ எடையுள்ள ஆள் 42.8 சதவீத சரக்கில் ஒரு குவார்ட்டர் அடித்தால் கணக்கு 130-ஐத் தாண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் 30-க்கு வரவே விடியற்காலை ஐந்து ஆகிவிடும். ஆஃப் அடித்தவர் மறுநாள் சாயங்காலம் வரை வண்டிப் பக்கமே போகக் கூடாது. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர் குளியல் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. கொய்யா இலை, ஏலக்காய் மெல்வது பக்கத்தில் உட்காருகிறவருக்கு நல்லது. மெஷின் முகர்ந்து பார்ப்பதில்லை, நுரையீரலிலிருந்து வரும் ஆல்கஹாலை அளக்கிறது. டிராவல்ஸ் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், திருப்பதிக்கு விடியற்காலை நாலு மணிக்கு வண்டி அனுப்புமுன் டிரைவரை ஊத வையுங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினாரே என்று விடாதீர்கள். ஆனால் ஒரே மவுத்பீஸில் ஆறு பேரை ஊத வைக்காதீர்கள், சகிக்கவில்லை.

இனி மெஷினை என்ன பாடு படுத்துகிறீர்கள் என்று பார்ப்போம். பார்ட்டியில் "யாருக்கு ஜாஸ்தி" என்று போட்டி வைத்து, குடித்த வாயோடு சுற்றிச் சுற்றி ஊதுவது. வாயில் மிச்சமிருக்கும் சரக்கு நேராக சென்சாரில் போய் அடிக்கும், நம்பர் கண்டபடி வரும், சென்சாரும் சீக்கிரம் சாகும். இருமல் மருந்து, தசமூலாரிஷ்டம், மவுத்வாஷ் எடுத்தாலும் கால் மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும். சிகரெட் புகையை உள்ளே விடாதீர்கள். சானிடைசர் போட்டுத் துடைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பு. ஆல்கஹாலைத் தேடுகிற மெஷினை ஆல்கஹாலிலேயே குளிப்பாட்டினால் என்ன காட்டும்? ஈரத் துணி போதும். மவுத்பீஸை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள்.

சித்திரை வெயிலில் காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வேலூர் வெயில் நமக்கே தாங்கவில்லை. பேட்டரி தீரப்போகும்போது வரும் நம்பரையும் நம்பாதீர்கள்.

விலை மலிவான செமிகண்டக்டர் சென்சார் வகை மெஷின் ஆல்கஹாலையும் வேறு ஆவிகளையும் குழப்பிக்கொள்ளும். சர்க்கரை கட்டுப்படாதவர் மூச்சில் வரும் அசிட்டோனுக்குக்கூட எகிறலாம். முடிந்தால் அந்தக் குழப்பம் குறைவான ஃபியூயல் செல் சென்சார் வகை வாங்குங்கள். எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காலிபரேஷன். மூன்று வருஷமாகக் கையில் வைத்திருந்து "நல்லாத்தானே இருக்குது" என்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஒரு விஷயம் பாக்கி. சர்வீஸுக்குக் கொண்டு வரும்போது "டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்" என்று குடித்துவிட்டு வராதீர்கள். டெஸ்ட் பண்ண என்னிடம் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. போன வருஷம் ஒருத்தர் ராத்திரி எட்டு மணிக்கு அப்படி வந்தார், பைக்கில். சாவியை வாங்கி டிராயரில் போட்டு ஆட்டோ பிடித்து அனுப்பினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பளிச்சென்று திருநீறு பூசிக்கொண்டு வந்தார். "நேத்து அடிச்சது சார், எல்லாம் எறங்கிப் போச்சு, சாவி குடுங்க."

ஊதச் சொன்னேன். 0.04.

சாவி மறுபடியும் டிராயருக்குள் போனது.