திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: தொலைவும் நேரமும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூர்ப் பயணம் திருச்சி விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் கடந்த கடலை இன்று ஓர் இரவுக்குள் கடந்துவிடலாம். எத்தனை மணி நேரத்தில் என்பதைப் பயணச்சீட்டு நேரடியாகச் சொல்வதில்லை. நள்ளிரவு கழிந்து 1.30 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8.15 மணிக்கு இறங்குவதாக அதில் இருந்தால், பயணம் ஆறேமுக்கால் மணி நேரமன்று. இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படுபவை. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால், உண்மையில் ஆவது நாலேகால் மணி நேரமே.

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, உருண்டையான புவியின் மேல் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டால் சுமார் 2,980 கி.மீ. வருகிறது. அந்தக் கோடு வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதி வழியாகச் செல்லும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோட்டுக்கும் இதற்கும் சில கிலோமீட்டர்தான் வேறுபாடு. சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான குறுகிய பாதையோ ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே நுழைந்து வெளிவரும்.

மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் 2,980 கி.மீ. கடக்க 3 மணி 35 நிமிடம் போதும். எஞ்சிய நேரம் ஓடுபாதை வரை ஊர்வதிலும், மெதுவாக மேலேறுவதிலும், தரையிறங்க முறைக்காகக் காத்திருப்பதிலும் கழிகிறது. சீட்டில் உள்ள நேரம் நிலையத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தில் நிற்பது வரைக்குமானது.

காற்றின் கதைதான் சுவையானது. விமானத்தின் 830 கி.மீ. என்பது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்தால் தரையை ஒப்பிட்ட வேகம் மாறிவிடும். தரையில் தென்மேற்கிலிருந்து ஆடிக்காற்று புழுதியை வாரியடிக்கும் அதே நாள்களில், உயரே காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசுகிறது. கோடையில் திபெத்தியப் பீடபூமியும் வட இந்தியாவும் தெற்கிலுள்ள கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதால் மேல் வளிமண்டலத்தில் வடக்கே அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து தெற்கே நகரும் காற்றைப் புவியின் சுழற்சி வலப்புறம், அதாவது மேற்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று (கிழக்கிலிருந்து வீசும் ஜெட் காற்று) எனப்படும் இதை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். இதன் மையம் சுமார் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருக்க, 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு அதன் கீழ்விளிம்பே வாய்க்கிறது. நேரத்தை மாற்ற அதுவே போதும்.

இந்த எதிர்க்காற்று மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் செல்லும்போது தரைவேகம் 770 ஆகக் குறைந்து சுமார் 17 நிமிடம் கூடுதலாகும்; திரும்பும்போது 890 ஆக உயர்ந்து ஏறத்தாழ 14 நிமிடம் மிச்சமாகும். போகையில் இழந்ததை வருகையில் முழுவதும் ஈடுகட்ட முடிவதில்லை. எதிர்க்காற்றில் விமானம் இருக்கும் நேரம், பின்காற்றில் இருக்கும் நேரத்தைவிட அதிகம்.