பல் பிரிட்ஜை மாற்றும் முன், கம்பியைப் பற்றிப் பேசுங்கள்

"டொக்டர், பழைய பிரிட்ஜ் ஆடுது. இப்ப புதுசு போட்டுட்டு, அடுத்த வருசம் முன்பல்லுக்குக் கம்பி போடுவம் எண்டு இருக்கிறன்."

உப்புவெளியில் இருந்து வந்த ஆசிரியை ஒருவர் இப்படிச் சொன்னதும், அளவெடுக்கும் வேலையை நிறுத்திவிட்டேன். அவர் சொன்ன ஒழுங்கில் போனால் பிரிட்ஜுக்கு இரண்டு தடவை காசு கட்ட வேண்டிவரும்.

பிரிட்ஜ் என்பது இழந்த பல்லின் இடத்தில் பாலம்போல வைக்கும் செயற்கைப் பல்; அது இரு பக்கப் பற்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கம்பியோ ஒவ்வொரு பல்லையும் தனியாக நகர்த்துவது. கிண்ணியாப் பாலத்தை இரு கரையும் அளந்துதானே கட்டினார்கள்? கரை நகரப்போகிறது என்று தெரிந்தால் யாரும் முதலில் பாலம் கட்டமாட்டார்கள்.

அதற்காக ஆடும் பிரிட்ஜை அப்படியே விடவும் கூடாது. உள்ளே உமிழ்நீரும் சாப்பாடும் கசிந்து, தாங்கும் பல் சத்தமில்லாமல் சூத்தையாகும். வேர்ச் சிகிச்சை செய்த பல்லென்றால் வலியே தெரியாது. இவருக்கும் எக்ஸ்றேயில் பின்பக்கக் கொடுப்புப் பல் அரித்திருந்தது. பிரிட்ஜை வெட்டி எடுத்து, சூத்தையை அடைத்து, இரு பற்களுக்கும் தனித்தனியாகத் தற்காலிக உறை போட்டோம். முன்பல் இடைவெளி என்றால் கம்பியிலேயே ஒரு செயற்கைப் பல்லைத் தொங்கவிடலாம். பல்லில்லாமல் வகுப்பில் நிற்பதெப்படி என்ற பயம் நியாயமானது, தயங்காமல் சொல்லுங்கள்.

இடைவெளிக்குள் சரிந்த கொடுப்புப் பல்லைக் கம்பியால் நிமிர்த்தினால் புதிய பிரிட்ஜ் நேராக உட்காரும். சிலருக்கு இடைவெளியையே மூடிவிடலாம், பிரிட்ஜே தேவைப்படாது. ஆனால் பழைய பிரிட்ஜுக்காக ஏற்கெனவே அராவிய பற்களுக்கு எப்படியும் உறை வேண்டும். பிரிட்ஜ் நல்லதாக இருந்து, நகர்த்த வேண்டியது வேறு பற்கள் என்றால் அதைத் தொடாமலும் விடலாம். அதைக் கம்பி போடும் பற்சீரமைப்பு நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும். இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், எலும்போடு ஒட்டிவிடுவதால் நகராது, பெரும்பாலும் கம்பிக்குப் பிறகுதான் அது.

முரசில் இரத்தம் வருகிறதா? முதலில் அதைக் குணப்படுத்துவோம். முரசு நோயோடு கம்பி போட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரையும்.

கம்பி கழற்றியதும் பற்கள் நிலைகொள்ளச் சில மாதங்கள் விட்டுத்தான் நிரந்தரப் பிரிட்ஜ். அதைப் போட்டதும், பற்கள் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரைப் புதிதாகச் செய்ய வேண்டிவரும், பழையது பொருந்தாது. இந்தச் செலவையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஆசிரியைக்குக் கம்பி போட்டு இப்போது எட்டாம் மாதம். தற்காலிக உறை இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும், நான் சொல்லியிருந்தபடி, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து ஒட்டிக்கொண்டு போனார்.