மூன்று என்று யார் சொன்னது?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா கேட்டிருக்கிறார். பேரன் மேட்ரிக் பரீட்சைக்கு லைஃப் சயின்சஸ் படிக்கிறான். 'டி.என்.ஏ.யின் மூன்று எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்' என்று அவன் உருப்போட்டதைக் கேட்டுவிட்டு, "அதென்ன மூன்று? இரண்டோ நான்கோ ஆகாதா?" என்றாராம். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு ஆயா" என்றானாம் பேரன். எனக்கு ஆயாவின் கட்சிதான்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். டி.என்.ஏ. ஒரு நீண்ட இழை. அதில் நான்கு வகை எழுத்துகள். அந்த இழை புரதத்தோடு சேர்ந்து சுருண்டிருப்பதுதான் குரோமோசோம்; நம் செல்லில் 46. இழையில் ஒரு புரதத்துக்கான செய்தி இருக்கும் பகுதி மரபணு. அதன் நகலான தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் படித்து, 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது.

இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தால் 16 சேர்க்கைதான், 20க்குப் போதாது. மும்மூன்றாகப் படித்தால் 64. இயற்பியலாளர் ஜார்ஜ் கேமோவ் 1950களில் போட்ட கணக்கு இது. ஆனால் கணக்கு சாட்சியாகாது. இயற்கை நான்கு எழுத்தை எடுத்துக்கொண்டிருந்தால் யார் தடுத்திருக்க முடியும்?

சாட்சி 1961இல், கேம்பிரிட்ஜில் கிடைத்தது. பிரான்சிஸ் கிரிக், லெஸ்லி பார்னெட், சிட்னி பிரென்னர், ரிச்சர்ட் வாட்ஸ்-டோபின் ஆகியோரின் வேலை. பிரென்னர் நம்ம தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன்காரர். எழுதப் படிக்கத் தெரியாத, செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1952இல் இங்கிலாந்து போனவர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது பாக்டீரியாவைத் தின்னும் டி4 வைரஸ். புரோஃபிளேவின் என்ற சாயம் அதன் மரபணுவில் ஓர் எழுத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அப்படி ஆனால் என்ன நடக்கும்? ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளி எழுத்தையும் ஓர் எழுத்தாகவே எண்ணுங்கள்:

அந்த மரம் இனிய பழம் தரும்

டி.என்.ஏ.யில் இடைவெளி கிடையாது. தொடங்கிய இடத்திலிருந்து மும்மூன்றாக எண்ணிக்கொண்டே போவதுதான் ரைபோசோமுக்குத் தெரியும். 'மரம்' என்பதற்கு முன்னால் ஒரு 'கி' நுழைந்தால்:

அந்த கிமர ம்இனி யபழ ம்தரு ம்

ஓர் எழுத்துதான் கூடியது. அதற்குப் பின்னால் ஒன்றுமே உருப்படவில்லை. இப்போது 'மரம்' என்பதன் கடைசி 'ம்'மை எடுத்துவிடுங்கள்:

அந்த கிமர இனிய பழம் தரும்

ஒரு சொல் போனது, மற்றவை பிழைத்தன. ஒரு கூடுதலும் ஒரு குறைவும் சேர்ந்தபோது வைரஸும் இப்படித்தான் பிழைத்தது. எது கூடுதல், எது குறைவு என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் எதிரெதிர் என்பது மட்டும் தெரியும். அதுவே போதுமாக இருந்தது. ஒரே வகை மாற்றம் இரண்டைச் சேர்த்தார்கள். வைரஸ் தேறவில்லை. மூன்றைச் சேர்த்தார்கள் (இங்கே கி, லு, சா):

அந்த கிமலு ரசாம் இனிய பழம் தரும்

வால் பகுதி மீண்டும் ஒழுங்குக்கு வந்தது, வைரஸ் வளர்ந்தது! அப்படியானால் எழுத்துகள் மும்மூன்றாகத்தான் படிக்கப்படுகின்றன. அந்த மரபணுவின் தொடக்கத்தில் கொஞ்சம் உளறல் இருந்தாலும் புரதம் வேலை செய்யும் என்பது அவர்கள் அதிர்ஷ்டம். எழுத்தைக் கண்ணால் பார்க்கும் கருவி எதுவும் இல்லாமல், தட்டில் எது வளர்கிறது, எது வளரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தது இது. இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை. 'வைரஸுக்குச் சாயம் ஊட்டி என்ன பயன்?' என்று மானியக் குழுவில் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு அவர்களிடம் நேரடியான பதில் இருந்திருக்காது. அதனால்தான் உடனடிப் பயனைக் கேட்டே பணம் தரும் வழக்கம் எனக்குப் பிடிக்காது.

பயன் பிறகு வந்தது. டுஷேன் என்ற தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும்; பலர் பன்னிரண்டு வயதுவாக்கில் சக்கர நாற்காலிக்குப் போய்விடுகிறார்கள். தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டு, மூன்றால் வகுபடாத எண்ணிக்கையில் எழுத்துகள் போனால் பெரும்பாலும் இந்த நோய். மூன்றால் வகுபட்டால், துண்டு பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் கடுமை குறைந்த பெக்கர் வகை. புரதத்துக்கான செய்தியில் 46 சதவீதம் இல்லாமலே 61 வயதிலும் நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி 1990இல் பதிவு இருக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் போய்ச் செய்வினை, முன்ஜென்மப் பாவம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தத் தாய் செய்த குற்றம் என்ன, மூன்றால் வகுபடாததா?

மருந்தும் இதே வழியில்தான் போகிறது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எடெப்லிர்சன், விடுபட்ட துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டையும் ரைபோசோமின் கண்ணில் படாமல் தாண்ட வைக்கிறது. நஷ்டத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, கணக்கை மூன்றால் வகுபட வைக்கும் தந்திரம். குறிப்பிட்ட சில வகை இழப்புக்கு மட்டுமே பொருந்தும். பலன் எவ்வளவு என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. விலையோ நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது.