பாதுகாப்புத் துறையிடம் நாடாளுமன்றம் கணக்குக் கேட்பது எப்படி?

2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட ஓர் அறிக்கையில், 2017 முதல் 2022 வரையிலான பதின்மூன்றாவது பாதுகாப்புத் திட்டக் காலத்தில் விமானப்படை சந்தித்த 34 விபத்துகளின் அட்டவணை இருந்தது. அதில் 2021 டிசம்பர் 8 என்ற தேதிக்கு நேரே மி-17 ஹெலிகாப்டர் என்றும், காரணம் என்ற இடத்தில் விமானக் குழுவினரின் மனிதப் பிழை என்றும் குறிக்கப்பட்டிருந்தது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்டு, குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ஹெலிகாப்டர்தான் அது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரையும் அந்த விபத்து பலிகொண்டது. வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானி நிலை தடுமாறினார், சதியோ இயந்திரக் கோளாறோ அலட்சியமோ இல்லை என்று விமானப்படை 2022 ஜனவரியில் தன் முதற்கட்ட முடிவைச் சொல்லியிருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, அட்டவணையின் ஒரு வரியாக, அந்தக் காரணம் நாடாளுமன்ற ஆவணத்தில் ஏறியது.

அந்த வரியை அமைச்சகம் தானாக முன்வந்து வெளியிடவில்லை. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு எழுத்தில் கேட்டது, அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது, குழு அதைத் தன் அறிக்கையில் சேர்த்து அவையில் வைத்தது. படைகளின் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தொலைக்காட்சியில் நாம் காணும் அமளிக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை.

படைகளை எங்கே அனுப்புவது, எப்போது போரிடுவது என்பதில் நம் நாடாளுமன்றத்துக்கு நேரடி அதிகாரம் கிடையாது. அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் தருகிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறார். ஜெர்மனியில் நிலைமை வேறு: அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பின்படி, ஆயுதம் தாங்கிய படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அத்துடன், இரண்டரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட ராணுவக் கொள்முதல் ஒப்பந்தங்கள் வரவுசெலவுக் குழுவின் முன் வந்தாக வேண்டும். நம்மிடம் இவ்விரண்டும் இல்லை. ஆனால் மக்களவையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு ரூபாயைக்கூட அரசு செலவழிக்க முடியாது என்று 113, 114ஆவது பிரிவுகள் சொல்கின்றன. கண்காணிப்பு முழுவதும் இந்த ஒற்றை ஆணியில்தான் தொங்குகிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று அவையில் படித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்பது கொங்கு நாட்டில் பலருக்கும் தெரிந்த செய்தி. ஏழரை மாதங்களுக்கான அந்தக் கணக்கில் மொத்தச் செலவு ரூ.197.39 கோடி, அதில் ரூ.92.74 கோடி படைகளுக்கு, அதாவது ஏறக்குறைய பாதி. 2025-26இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ரூ.6,81,210 கோடி. மத்திய அரசின் மொத்தச் செலவில் இது ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. விகிதம் சுருங்கியிருந்தாலும், வேறெந்த அமைச்சகமும் இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டு அவை முன் வருவதில்லை.

இந்தத் தொகை நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது அவையின் ஒப்புதலுக்கு வைக்கப்படும் செலவுக் கோரிக்கைகளாக, பிரிந்து வருகிறது. சம்பளம், எரிபொருள், பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுக்கு ரூ.3,11,732 கோடி, விமானம், கப்பல், பீரங்கி வாங்கும் மூலதனச் செலவுக்கு ரூ.1,80,000 கோடி, ஓய்வூதியத்துக்கு ரூ.1,60,795 கோடி, எல்லைச் சாலைகள், கடலோரக் காவல் உள்ளிட்ட குடிமைப் பிரிவுக்கு ரூ.28,683 கோடி. நாட்டின் படைபலம் வளர்கிறதா என்று பார்க்க விரும்புபவர் இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருப்பவர், முந்தைய ஆண்டுகளில் வாங்கிய மிஷின்களுக்கு வங்கித் தவணை கட்டிய பிறகு மிஞ்சுவதில்தான் புது மிஷினைப் பற்றி யோசிக்க முடியும். மூலதனச் செலவிலும் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடுகிறது.

2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதைய ராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் நிலைக்குழுவின் முன் சாட்சியமளித்தார். ராணுவத்தின் நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கப்பட்டது ரூ.21,338 கோடி, ஏற்கெனவே நடந்துவரும் 125 திட்டங்களுக்குக் கட்டவேண்டிய தவணையே ரூ.29,033 கோடி. புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும் பணம் போதாது. ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் காலங்கடந்தவை, 24 சதவீதம் நடப்புக் காலத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை என்றும் அவர் சொன்னார். மூன்றும் ஏறத்தாழச் சமமாக இருப்பதே விரும்பத்தக்க நிலை என்று கருதப்படுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இதையே அவையில் சொல்லியிருந்தால் அரசியல் என்று ஒதுக்கியிருப்பார்கள். சீருடை அணிந்த அதிகாரி பதிவேட்டில் சொன்னதை அப்படி ஒதுக்க இயலவில்லை. அந்தக் குழுவின் தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி. அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்குப் பதிலாகக் கல்ராஜ் மிஸ்ரா தலைவராக அமர்த்தப்பட்டார். இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் கேட்பவர்கள் கேட்கட்டும். குழுத் தலைவரின் பதவி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது என்பதையும், அந்த ஏற்பாடு துணிச்சலை வளர்ப்பதில்லை என்பதையும் மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் 17ஆகத் தொடங்கி 2004இல் 24ஆக உயர்ந்தன. பாதுகாப்புக் குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் இதில் இடம்பெற முடியாது. பட்ஜெட் வந்தபின் அவை சில வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படும். அந்த இடைவெளியில் குழு மூடிய அறைக்குள் கூடுகிறது. மேசையின் ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிர்ப்பக்கம் பாதுகாப்புச் செயலரும் நிதி ஆலோசகரும் மூன்று படைகளின் துணைத் தளபதிகளும். அமைச்சரை அழைப்பதில்லை. கேள்விப் பட்டியல் முன்பே எழுத்தில் போகிறது, வாய்மொழிச் சாட்சியத்தில் பிடிபடாதவற்றுக்கு மீண்டும் எழுத்தில் பதில் கேட்கப்படுகிறது. கேமரா இல்லாததால் கட்சிக்காகப் பேச வேண்டிய கட்டாயம் உறுப்பினர்களுக்குக் குறைவு. அறிக்கைகள் பெரும்பாலும் ஒருமனதாக வருவதற்கு இந்த மூடிய கதவே காரணம் என்பது என் கருத்து.

குழுவின் கைகளும் ஓரளவு கட்டப்பட்டவைதாம். அன்றாட நிர்வாகத்தில் அது தலையிடக் கூடாது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று கருதினால் ஓர் ஆவணத்தைத் தர மறுக்க அரசுக்கு மக்களவை விதி 270 இடமளிக்கிறது. குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

அதன்பின் கோரிக்கைகள் அவைக்கு வர வேண்டும். ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லிக் கொள்கையையே எதிர்க்கலாம். நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்டலாம். இவற்றுக்கு வெட்டுத் தீர்மானங்கள் என்று பெயர். நடைமுறையில், சில அமைச்சகங்களை மட்டும் விவாதித்துவிட்டு, கடைசி நாளன்று குறித்த நேரம் வந்ததும் எஞ்சிய எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விட்டுவிடுகிறார்கள். அவையில் இதைக் ‘கில்லட்டின்’ என்பார்கள். 2018இலும் 2023இலும் ஓர் அமைச்சகத்தைக்கூட விவாதிக்காமல் அனைத்தும் நிறைவேறின. ரகசியம் என்ற திரையைவிட நேரமின்மை என்ற இந்தப் பழக்கமே கண்காணிப்பை அதிகம் பலவீனப்படுத்துகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1979 ஜூலை இறுதியில் பாதுகாப்பு அமைச்சரானார். சரண் சிங்கின் அந்த அரசு ஒரு நாள்கூட மக்களவையைச் சந்திக்காமலே விலகியதால், நிதியமைச்சராகப் பட்ஜெட் படித்து அனுபவப்பட்ட அவர், பாதுகாப்பு அமைச்சராக அவையில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல நேரவில்லை. அது விதிவிலக்கான காலம். விவாதமே இல்லாத பட்ஜெட்டுகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

செலவழித்த பிறகு நடக்கும் ஆய்வு தனி வழியில் செல்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 151ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. 22 பேர் கொண்ட இக்குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவராக இருந்துவருவது மரபு. சூலூரின் வானத்தில் இரைச்சலிடும் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸையே எடுத்துக்கொள்வோம். 1983இல் ரூ.560 கோடிக்கு அனுமதிக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் செலவு ரூ.10,397 கோடியாக உயர்ந்ததையும், 2013 டிசம்பரில் தொடக்கநிலைச் செயல்பாட்டு அனுமதி பெற்ற முதல் வகை விமானத்துக்கு 53 குறைபாடுகளின் பொருட்டு விலக்குகள் தரப்பட்டதையும், அவற்றில் 20 நிரந்தர விலக்குகள் என்பதையும் 2015ஆம் ஆண்டின் தணிக்கை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. அந்த விமானத்தின் முதல் படைப்பிரிவான 45ஆம் ஸ்குவாட்ரன் 2018இல் சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் 18ஆம் ஸ்குவாட்ரனும் சேர்ந்தது. தணிக்கை விமானத்தை நிறுத்திவிடவில்லை. எந்தக் குறையோடு அது படையில் சேர்கிறது என்பதைப் பதிவுசெய்தது.

2020 பிப்ரவரியில் வைக்கப்பட்ட மற்றோர் அறிக்கை, சியாச்சின் போன்ற உயரங்களில் நிற்கும் வீரர்களுக்குப் பனிக்கண்ணாடியும் பலபயன் காலணியும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்றும், பழைய தரத்திலான முகக்கவசங்களும் மேலங்கிகளும் படுக்கைப் பைகளும் வாங்கப்பட்டன என்றும், மாற்று உணவு வழங்கியதில் கலோரி அளவு 82 சதவீதம் வரை குறைந்தது என்றும் சொன்னது. உலகத்துக்கே உடுப்புத் தைத்தனுப்பும் திருப்பூரிலிருந்து பார்க்கையில், குளிர்தாங்கும் உடையில் நாடு தட்டுத்தடுமாறுவது விந்தையாகத்தான் இருக்கிறது. துணி தயாரிக்கும் திறன் வேறு, ராணுவத் தரம் நிர்ணயித்து, சோதித்து, காலத்தில் வாங்கும் திறன் வேறு. அறிக்கை குறைகண்டது இரண்டாவதில்.

ரகசியம் பற்றிய விவாதம் பழையது. சீனப் போரின்போது, 1962 நவம்பரில், அவையை ரகசியமாகக் கூட்டலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னபோது நேரு மறுத்தார். போர் நடந்துகொண்டிருக்கையில் திறந்த அவையிலேயே அரசு கடும் விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இதுவரை எந்த அரசும் அவையில் வைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய தணிக்கை அறிக்கை வந்தபோது விலை விவரங்கள் மறைக்கப்பட்டே வந்தன, ஒட்டுமொத்தமாக 2.86 சதவீதம் மலிவு என்ற முடிவு மட்டும் கிடைத்தது. ஆயுதத்தின் ஆற்றலை மறைப்பது புரிகிறது. விலையை மறைக்கும்போது, நாடாளுமன்றத்தின் கையிலுள்ள ஒரே கருவியும் மழுங்கிவிடுகிறது.

சிறப்பு விசாரணைக்கெனக் கூட்டுக் குழு அமைக்கும் வழியும் உண்டு. போஃபர்ஸ் பீரங்கி பேரத்துக்காக 1987இல் அமைந்த குழுவை எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன; குழுவில் இருந்து முரண் குறிப்பு எழுதியவர் அண்ணா தி.மு.க.வின் ஆலடி அருணா. பின்னால் தணிக்கை அறிக்கை வெளிவந்தபோது, பெரும்பான்மையினர் கையெழுத்திட்ட அறிக்கையைவிட அவருடைய குறிப்பே அதிகம் பேசப்பட்டது.

கொங்கு நாட்டுக்கு இந்த ஆவணங்களில் தொழில்சார்ந்த ஆர்வமும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோயம்புத்தூர், சேலம் ஆகிய இரண்டும் இங்கே உள்ளன. கோவைச் சிறுதொழில் முனைவோர் சங்கமான கொடிசியா இதற்கென ஒரு புத்தாக்க மையத்தையும் நடத்துகிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்கு ஆர்டர் எப்போது வரும், வந்தால் பணம் எப்போது வரும் என்பதே கேள்வி. மார்ச் 31க்குள் செலவாகாத மூலதனத் தொகை திரும்பிப் போய்விடுவதால் ஆண்டிறுதியில் கொள்முதல் தடுமாறுகிறது என்று நிலைக்குழு பல ஆண்டுகளாக எழுதிவருகிறது. காலாவதியாகாத நிதி ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தியும் வருகிறது. பதினைந்தாவது நிதி ஆணையமும் 2021-26க்கு ரூ.2,38,354 கோடியில் அப்படியொரு நிதியைப் பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரைகள் என்னவாயின என்று அறிய, குழு பின்னர் வெளியிடும் நடவடிக்கை அறிக்கையைப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் அமைச்சகம் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைக் குழு அத்தியாயம் அத்தியாயமாக வகைப்படுத்துகிறது. அமைச்சகம் ஏற்றுக்கொண்டவை இரண்டாவது அத்தியாயத்திலும், குழு மேற்கொண்டு வலியுறுத்த விரும்பாதவை மூன்றாவதிலும், இடைக்காலப் பதில் மட்டுமே வந்தவை ஐந்தாவதிலும் இருக்கும். அமைச்சகத்தின் பதிலைக் குழு ஏற்காமல் தன் பரிந்துரையை மறுபடி வலியுறுத்துபவை நான்காவது அத்தியாயத்தில் வரும். இந்த அறிக்கைகள் மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க நேரமில்லாதவர் நான்காவது அத்தியாயத்தை மட்டும் ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்தால், அரசும் நாடாளுமன்றமும் எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.