கிளிப்பிங் – முகடுவெட்டு

நாதஸ்வரக் கச்சேரியைப் போனில் எடுத்துவந்து போட்டால், தவில் ஓங்கி விழும் இடமெல்லாம் 'பர்ர்' என்று இரையும். "சவுண்டு கிழியுது" என்போம். ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்லும் பெயர் கிளிப்பிங்.

பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வினை இது. கத்தரித்தல் என்று பொருள். ஆட்டு ரோமம் கத்தரிப்பதும், வெள்ளி நாணயத்தின் ஓரத்தைச் சீவித் திருடுவதும் இதே சொல்தான். காகிதத்தில் மாட்டும் கிளிப்புக்கு வேர் வேறு. அது 'தழுவு' என்ற பொருளில் பிறந்தது.

ஒலியில் கத்தரிபடுவது அலையின் உச்சி. அலையை எண்களாக எழுதிவைக்கும் 16 பிட் பதிவில் எந்த மதிப்பும் மேலே 32,767-ஐயும் கீழே -32,768-ஐயும் தாண்டாது. மிஞ்சி வந்த ஒலி எவ்வளவானாலும் அந்த எண்ணிலேயே முட்டி நிற்கும். எடிட்டிங் திரையில் அலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைந்திருக்க வேண்டிய உச்சி தட்டையாக இருக்கும். நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இங்கே ஒருசேர நடக்கின்றன: உச்சி கெடுகிறது, வடிவம் திரிகிறது, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. காதில் இரைவது இந்தப் புதியவைதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'துண்டிப்பு' மின்சாரத்துக்கும் போன் இணைப்புக்கும் போய்விட்டது. 'ஒலித்துண்டிப்பு' என்றால் சத்தமே நின்றதாகப் படும். 'திரிபு', 'உருக்குலைவு' இரண்டும் டிஸ்டார்ஷன் என்ற பொதுப்பெயருக்குச் சரி. கிளிப்பிங் அதில் ஒரு வகை மட்டுமே. பள்ளி இயற்பியலில் அலையின் மேட்டுக்கு முகடு, பள்ளத்துக்கு அகடு என்று படித்திருக்கிறோம். ஆகவே முகடுவெட்டு. அகடும்தானே வெட்டுப்படுகிறது என்று கேட்பீர்கள். ஒலிப்பதிவில் 'பீக்' என்பது இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது. முகடும் அப்படியே குறிக்கட்டும். பேச்சில் "கிளிப் ஆயிடுச்சு" போகாது, போகவும் வேண்டாம்.

தவிலில் வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. குச்சி அடி கண நேரம்தான். சராசரி அளவு காட்டும் மீட்டரில் அது அகப்படாது. பீக் மீட்டரைப் பார்த்து, பலத்த அடி மைனஸ் 12 டெசிபல் (பூஜ்யம்தான் உச்ச வரம்பு) பக்கம் நிற்கும்படி கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்து வைக்க வேண்டும். சோதனைக்கு வாசிக்கும்போது யாரும் முழு வேகத்தில் அடிப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். தானாகக் கெயின் மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி அமுங்கி எழும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: வெட்டு எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று பார்ப்பதில்லை. மைக்கிலேயே முகடு போய்விட்டால், அதற்குப் பிறகு கெயினைக் குறைப்பதால் கிழிந்த ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். அப்போது தள்ளி நிற்க வேண்டும், அல்லது மைக்கில் பேட் சுவிட்ச் (ஒலி அளவைத் தணிக்கும் சுவிட்ச்) இருந்தால் போட வேண்டும். மிக்சரிலிருந்து ஒயர் எடுப்பவர்களுக்கும் இதே கதை. மிக்சர் வெளியே அனுப்பும் தொழில்முறை லைன் அளவு சுமார் 1.23 வோல்ட், கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். கேமராவில் மைக் என்றிருப்பதை லைன் என்று மாற்றாமல் செருகினால் முதல் அடியிலேயே முகடுவெட்டு. மிகப் பெரிய எண்களையும் எழுதிக்கொள்ளும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் எண் வரம்பில் விழும் வெட்டைத் தவிர்க்கும். மைக்கில் விழுந்ததை அதனாலும் மீட்க முடியாது.