ரெட்டினோபிளாஸ்டோமா – விழித்திரை முளையணுப் புற்று

குழந்தைகளின் கண்ணுக்குள் தோன்றும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது ரெட்டினோபிளாஸ்டோமா. ‘ரெட்டினா’ என்பது விழித்திரை. வலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘பிளாஸ்டோஸ்’ கிரேக்கத்தில் முளை. ‘ஓமா’ கட்டியைச் சுட்டும் ஈறு.

1809இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் இதைத் தனி நோயாக விவரித்தார். பின்னர் ஜெர்மன் நோயியல் அறிஞர் விர்ச்சோ, நரம்பைத் தாங்கும் உயிரணுக்களின் கட்டி என்று கருதி ‘கிளியோமா’ என்றார். அமெரிக்கக் கண் மருத்துவர் வெர்ஹோஃப் முன்மொழிந்த இன்றைய பெயரை அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் 1926இல் ஏற்றது.

பெயரின் உயிர் நடுவிலுள்ள ‘முளை’யில்தான் இருக்கிறது. விழித்திரையின் அணுக்கள் கருவிலும் மழலைப் பருவத்திலும்தான் வளர்ந்து முதிர்கின்றன. ஆகவே இந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. பெரியவர்களிடம் மிக அரிது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு. இரு கண்களிலும் வந்தால் ஒரு வயதையொட்டியும், ஒரு கண்ணில் மட்டும் வந்தால் இரண்டு வயதையொட்டியும் பொதுவாகத் தெரியவரும். இந்த இடைவெளிக்குக் காரணத்தை 1971இல் அமெரிக்க மரபியலாளர் நட்சன் விளக்கினார்: நோய் வர, ஒரு மரபணுவின் இரு படிகளும் (பிரதிகளும்) பழுதாக வேண்டும், ஒரு படி பழுதாகவே பிறந்த குழந்தைக்கு இன்னொன்று பழுதானாலே போதும், அதனால் இரு கண்களிலும் விரைவில் வரக்கூடும். ஆர்பி1 எனப்படும் அந்த மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

பெரியவர்களின் கதை வேறு. அறுபதையொட்டிய வயதில் கண்ணின் நடுப்படலத்து நிறமி அணுக்களிலிருந்து மெலனோமா என்ற புற்று கிளம்புகிறது. வெளிர்நிறக் கண்ணுடையவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். மார்பகம், நுரையீரல் ஆகியவற்றின் புற்று பரவிக் கண்ணுக்கு வருவதும் உண்டு. எல்லாவற்றையும் ‘கண் புற்றுநோய்’ என்று ஒரே பெயரில் அடக்குவது எனக்கு உடன்பாடில்லை. ‘விழித்திரைப் புற்றுநோய்’ இடத்தைச் சரியாகச் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. ‘விழித்திரை முளையணுப் புற்று’ இரண்டையும் சொல்லும்.

இந்நோயின் முதல் அடையாளம் கண்மணி வெள்ளையாகத் தெரிவது, அதற்கு ‘லூக்கோகோரியா’ என்று பெயர். ‘லூக்கோஸ்’ கிரேக்கத்தில் வெண்மை. ‘கோரே’ கிரேக்கத்தில் சிறுமியையும் கண்மணியையும் குறிக்கும். தமிழிலும் பெண்ணுக்கும் பொம்மைக்கும் கண்மணிக்கும் ‘பாவை’ என்ற ஒரே சொல் உண்டு. ‘வெண்பாவை’ என்றே சொல்லலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் பளிச்சிட்டால் அதுவாக இருக்கலாம். கண்புரையாலும் பாவை வெளுக்கும். எதுவென்று பிரித்தறிய, சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்துக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும், அதையும் தாமதமின்றி.